இல்லினாயில் வாங்கிய 80 ஏக்கரும் அரசு மானியமும்

வாசகர் கேள்வி: நான் இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் தகவல் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன், பக்கத்து லிவிங்ஸ்டன் கவுண்டியில் 80 ஏக்கர் விளைநிலத்தை, ஏக்கர் 13,000 டாலர் வீதம், ஓர் எல்எல்சி நிறுவனத்தின் பெயரில் வாங்கினோம். அதில் 70 சதவீதம் எனக்கும், 30 சதவீதம் கோயம்புத்தூரில் வசிக்கும் என் மைத்துனருக்கும் பங்கு. முந்தைய உரிமையாளரிடம் இருபது ஆண்டுகளாகக் குத்தகைக்கு இருந்த விவசாயியே இப்போதும் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிறார். ஏக்கருக்கு 270 டாலர் ரொக்கம் தருகிறார். பலரிடம் குத்தகைக்கு எடுத்து மொத்தம் 2,000 ஏக்கர் பயிரிடுபவர் அவர். கவுண்டியில் மானியம் பெற்றோர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, 1995 முதல் 2024 வரை 15 லட்சம் டாலர் என்றிருக்கிறது. நிலம் எங்களுடையதாக இருக்க மானியம் அவருக்குப் போவது எப்படி? எங்கள் பங்கைப் பெற என்ன செய்ய வேண்டும்? வடகிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கும் 4 ஏக்கரில், நீரை வடிக்க மண்ணுக்கடியில் டைல் குழாய்கள் பதிக்க நினைக்கிறோம். அதற்கு உதவி கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பண்ணைக் கணக்குகளையும் குத்தகைப் பத்திரங்களையும் பார்த்துக்கொடுப்பதே என் தொழில். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளைக் காட்டிலும் கேட்காமல் விட்ட ஒன்று அவசரமானது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மைத்துனர் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகன். வெளிநாட்டார் கையிலுள்ள விளைநிலத்தைக் கணக்கெடுக்க 1978-இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் உண்டு. நிலத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில் வெளிநாட்டவர் ஒருவருக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கிருந்தால், அந்த நிறுவனமே அச்சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறது. உங்களிடம் கிரீன் கார்டு இருப்பதால் உங்கள் 70 சதவீதத்தால் சிக்கல் எதுவும் இல்லை; அவருடைய 30 சதவீதம் போதுமானது. 10 ஏக்கருக்கு மேற்பட்ட விளைநிலம் என்பதால், கிரயம் முடிந்த 90 நாட்களுக்குள், வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமையிடம் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். பேரம் முடித்துவைத்த தரகரோ, கிரயத்தை நடத்திய டைட்டில் கம்பெனியோ இதை உங்களுக்காகச் செய்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், பெரும்பாலும் செய்வதில்லை. இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே ஏறத்தாழ 30 நாட்கள் மிச்சம். தாமதமானால் ஒவ்வொரு வாரத்துக்கும் நிலத்தின் சந்தை மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அபராதமாக ஏறும். அறிக்கையே கொடுக்காமல் விட்டால் அது மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். 10,40,000 டாலர் மதிப்புள்ள உங்கள் நிலத்துக்கு வாரத்துக்கு 1,040 டாலர் என்று ஆகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மானியக் கணக்கைப் பார்க்கும்போது மறுபடியும் இதற்கு வருவோம். அவர் பணம் அனுப்பிய விதம் இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை அங்குள்ள ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். அது என் துறையன்று.

இனி மானியம் யாருக்கு என்ற கேள்வி. ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இந்தியாவில் 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் பணம் பட்டாவைப் பார்த்துப் போகிறது. உழுபவர் குத்தகைதாரராக இருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. இங்கே முறை தலைகீழ். பயிரின் லாப நட்டத்தை யார் சுமக்கிறாரோ அவருக்கே பணம். விளைந்தாலும் விளையாவிட்டாலும், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏக்கருக்கு 270 டாலர் உங்களுக்கு வந்துவிடும் என்றால், நீங்கள் எந்த நட்டத்தையும் சுமக்கவில்லை. ஆகவே பயிர் மானியத்தில் உங்களுக்குப் பங்கும் இல்லை. உங்கள் குத்தகைதாரர் எதையும் மறைக்கவில்லை, உங்களுடையதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த விதி இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1933-ஆம் ஆண்டின் வேளாண் சரிக்கட்டுச் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. தென் மாநிலங்களின் பருத்தி நிலங்களில் அந்தக் காசோலைகள் நில உரிமையாளர்களின் கைக்குப் போயின. பரப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வார முறையில் பயிரிட்ட குடும்பங்களை அவர்கள் வெளியேற்றினார்கள். 1934-இல் ஆர்கன்சா மாநிலம் டைரன்ஸா அருகே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். குத்தகைதாரரின் பங்கை உரிமையாளர் பறித்துக்கொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு இன்றைய விதிகளிலும் இருக்கிறது. எனவே, ரொக்கக் குத்தகையையும் வாங்கிக்கொண்டு, வரும் மானியத்தையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். விதியைச் சுற்றிப் போகும் ஏற்பாடாக அது கருதப்படலாம். அப்படிக் கருதப்பட்டால் இருவருக்குமே கேடு.

அடுத்து, மானியம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே நம் ஊர் நேரடி கொள்முதல் நிலையம் போல அரசு மூட்டைகளை எடைபோட்டு வாங்குவதில்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் பழைய சாகுபடி வரலாற்றை வைத்து, இத்தனை ஏக்கர் மக்காச்சோளம், இத்தனை ஏக்கர் சோயா என்று முகமையின் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பேஸ் ஏக்கர் என்பார்கள். இந்த ஆண்டு அதே நிலத்தில் வேறு பயிர் போட்டாலும் கணக்கு ஏட்டிலுள்ள பேஸ் ஏக்கரின் மேல்தான் நடக்கும். திட்டங்கள் இரண்டு, இரண்டும் 2014-ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தில் வந்தவை. பி.எல்.சி. என்பது விலையை மட்டும் பார்ப்பது: அந்தச் சந்தை ஆண்டின் தேசிய சராசரி விலை, சட்டம் வகுத்த குறிப்பு விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தரும். ஏ.ஆர்.சி. என்பது கவுண்டியின் சராசரி வருமானத்தைப் பார்ப்பது: விளைச்சலையும் விலையையும் பெருக்கிவரும் தொகை, கடந்த ஆண்டுகளை வைத்து வகுத்த அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தரும். இதில் உங்கள் வயல் எப்படி விளைந்தது என்பது கணக்கிலேயே வராது. உங்கள் 80 ஏக்கரும் ஆலங்கட்டி மழையில் அழிந்து, கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்திருந்தால் ஒரு சென்ட்கூட வராது. உங்கள் வயல் செழித்து, கவுண்டி காய்ந்திருந்தால் காசோலை வரும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மக்காச்சோளத்தின் குறிப்பு விலையை, புஷல் என்னும் தானிய அளவுக்கு 3.70 டாலரிலிருந்து 4.10 டாலராகவும், சோயாவுக்கு 8.40-லிருந்து 10.00 டாலராகவும் உயர்த்தியது. சில ஆண்டுகளில் சந்தை விலைகளின் சராசரியைப் பொறுத்து இது இன்னும் மேலே நகரவும் இடமுண்டு. நாம் எளிமைக்காக 4.10 என்றே கொள்வோம். உங்கள் நிலத்தின் ஏட்டில் 40 ஏக்கர் மக்காச்சோளப் பேஸும், ஏக்கருக்கு 150 புஷல் விளைச்சலும் இருப்பதாகவும், ஓராண்டின் சராசரி விலை 3.90 என்று முடிந்ததாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 20 சென்ட். 150 புஷலுக்கு 30 டாலர். பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்கே பணம் என்பதால் ஏக்கருக்கு 25.50, 40 ஏக்கருக்கு 1,020 டாலர். கூட்டாட்சிச் செலவுக் குறைப்புக்கென்று 5.7 சதவீதம் பிடித்தம் போக, 962 டாலர். அதுவும் அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் கைக்கு வரும். விலை 4.10-க்கு மேலே முடிந்தால் ஒன்றுமே இல்லை.

இந்த 962 டாலரில் சட்டப்படி பங்கு பெற உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ரொக்கக் குத்தகையை விட்டுவிட்டு, விளைச்சலைப் பங்கிடும் வார முறைக்கு மாறுவது. மத்திய இல்லினாயின் பழைய வழக்கம் பாதிக்குப் பாதி. விதை, உரம், மருந்து ஆகியவற்றின் செலவில் பாதி உரிமையாளருடையது, விளைச்சலில் பாதியும் அவருடையது, மானியத்திலும் பாதி. விளைச்சலைப் பொறுத்தே வருமானம் என்றாகும்போது, நிலத்தைக் கொடுத்ததையே விவசாயத்தில் ஈடுபட்டதாக விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. நீங்கள் டிராக்டர் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் இங்கேயும் மைத்துனரின் பங்கு குறுக்கே நிற்கும். நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் பங்கிருந்து, அவர் நேரில் வந்து வயலில் கணிசமாக உழைக்கவும் இல்லையென்றால், நிறுவனத்துக்குப் பணம் மறுக்கப்படும். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வைத்திருக்கும் விகிதத்துக்கு மட்டும் தருமாறு எழுத்தில் கேட்டுப் பெறலாம். அப்படியானால் 962-இல் பாதி 481. அதில் 70 சதவீதம் 337 டாலர். ஒரு படிவத்தை ஒரு வாரம் தாமதமாகக் கொடுத்தால் வரும் அபராதத்தில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாரத்தை நான் குறை சொல்லவில்லை. தாத்தா காலத்திலிருந்து அந்த நிலத்தைத் தெரிந்தவர்களுக்கும், தானியத்தை எப்போது விற்பது என்று முடிவெடுக்கப் பொழுதும் மனமும் உள்ளவர்களுக்கும் அது நல்ல முறை. விளைச்சலில் தம் பங்குக்கு அவர்கள் பயிர்க் காப்பீடும் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பிரீமியத்தில் அரசு ஏற்றுக்கொள்ளும் பகுதி சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல். ஆனால் வேலை நேரத்துக்கு இடையே உர விலையைப் பார்க்க விரும்பாத ஒருவர், சில நூறு டாலருக்காக 76 ஏக்கர் பயிரின் நட்டத்தில் பாதியைத் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு தொகை ரொக்கமும் அதற்கு மேல் விளைச்சலைப் பொறுத்த கூடுதலும் என்ற கலப்புக் குத்தகைகளும் உண்டு. அவற்றை ரொக்கமாகக் கொள்வதா வாரமாகக் கொள்வதா என்பது வாசகத்தைப் பொறுத்தது. கையெழுத்திடுமுன் வரைவைப் பான்டியாக் நகரிலுள்ள, பண்ணைச் சேவை முகமையின் கவுண்டி அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். எந்த மாற்றமாக இருந்தாலும் இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. வாய்மொழியாக ஆண்டுதோறும் தொடரும் குத்தகையை முடிக்க, குத்தகை ஆண்டு முடிவதற்கு 4 மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது இல்லினாய் சட்டம். பிப்ரவரி இறுதியில் முடியும் வழக்கமான குத்தகைக்கு அது அக்டோபர் 31.

பட்டியலில் நீங்கள் பார்த்த 15 லட்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பார்த்துவிட்டு மனம் புழுங்கிப் பலர் என்னிடம் வருகிறார்கள். 30 ஆண்டுகளின் கூட்டுத்தொகை அது, ஆண்டுக்கு 50,000. 2,000 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 25 டாலர். அதுவும் சீராக வந்ததன்று. விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் குறைவாகவும், 2018, 2019-இல் சீனாவுடனான வர்த்தகப் போருக்கு ஈடாக நாடு முழுவதும் தரப்பட்ட சுமார் 2,300 கோடி டாலரிலும், 2020-இன் கோவிட் உதவியிலும் பெருந்தொகையாகவும் வந்திருக்கும். 2018-இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர் கொடுத்தவர்கள் மக்காச்சோளத்துக்கு 1 சென்ட் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கவுண்டிக்கு ஒரு விகிதம் என்று மாற்றி, ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை வைத்ததால், சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டியில் இருந்தவருக்கு வேறு தொகை. 2025-இல் ஏக்கருக்கு மக்காச்சோளத்துக்கு 42.91, சோயாவுக்கு 29.76 என்று அறிவித்த உதவியும் இப்படிப்பட்ட இடைக்கால ஏற்பாடுதான். இவை எல்லாமே பயிரில் பங்கு உள்ளவருக்குப் போனவை. மறுபுறம், ஆண்டுதோறும் வரும் பெரிய உதவியான காப்பீட்டுப் பிரீமிய மானியம் அப்பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரேயும் வராது. ஒருவருக்கான ஆண்டு உச்சவரம்பு 1,55,000 டாலர் என்று பி.எல்.சி., ஏ.ஆர்.சி. திட்டங்களுக்கு 2025 சட்டம் வகுத்திருக்கிறது. காப்பீட்டுக்கு அந்த வரம்பும் கிடையாது. ஏக்கர் கணக்கில் கொடுக்கும்வரை பெரியவருக்குப் பெரிய தொகைதான் போகும். இந்த அமைப்பை நியாயமென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் உங்கள் குத்தகைதாரர் அதில் விதிவிலக்கான ஆளும் அல்லர்.

இன்னொன்று: மானியத்தில் உங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்று நினைப்பது முழு உண்மையன்று. இப்படி ஒரு தாங்கு இருப்பதால்தான் ஒருவர் 270 டாலர் குத்தகை பேசத் துணிகிறார். மானியம் ஒரு டாலர் கூடினால் குத்தகையில் ஏறத்தாழ 25 சென்ட் ஏறுகிறது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது; நெடுங்காலத்தில் இதைவிட அதிகம் என்று சொல்வோரும் உண்டு. நிலத்தை விற்றவரும் அதைச் சேர்த்தே விலை சொல்லியிருப்பார். ஏக்கருக்கு 13,000 கொடுத்தபோது, இனி வரப்போகும் மானியத்தில் ஒரு பகுதிக்கும் சேர்த்து நீங்கள் முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்று சொல்லலாம்.

ஆகவே, உண்மையிலேயே நீங்கள் வாங்கிய பேஸ் ஏக்கர் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். 156 ஈஇசட் என்ற ஒரு பக்கத் தாளைக் கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். நம் ஊரில் சிட்டா, அடங்கல் போல: பண்ணை எண், சாகுபடிப் பரப்பு, பயிர்வாரியாகப் பேஸ் ஏக்கர், கணக்குக்குரிய விளைச்சல், மண் அரிப்பு மற்றும் ஈரநிலக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். பெரிய பண்ணை ஒன்றிலிருந்து உங்கள் 80 ஏக்கர் பிரித்து விற்கப்பட்டிருந்தால், பேஸ் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைக் கட்டாயம் பாருங்கள். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் விற்பவர் தம்மிடமே கூடுதலாக வைத்துக்கொள்ள முடியும். கிரயத்தின்போது நீட்டப்பட்ட காகிதங்களில் அப்படி ஒன்றில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கவும் கூடும்.

கடைசியாக, அந்த 4 ஏக்கர் மூலை. டைல் பதிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். லிவிங்ஸ்டன் போன்ற சமவெளிக் கவுண்டிகளின் விவசாயமே நிலத்தடி டைல் குழாய்களால் தண்ணீரை வடித்ததால் வந்ததுதான் என்பது உண்மை. ஆனால் 1985 டிசம்பர் 23-க்கு முன் வடித்துச் சாகுபடிக்குக் கொண்டுவரப்பட்ட நிலம் வேறு, இன்னும் ஈரநிலமாகவே ஏட்டில் இருக்கும் நிலம் வேறு. முதல் வகை என்றால் தாராளமாக டைலைப் புதுப்பிக்கலாம். இரண்டாவது வகையை, பயிரிடுவதற்காக 1990 நவம்பர் 28-க்குப் பின் ஒருவர் வடித்தால், அந்த மூலைக்கு மட்டுமல்ல, அவருக்குள்ள எல்லா நிலங்களுக்கும் பண்ணை உதவி நின்றுவிடும். அங்கே பயிரிடும் குத்தகைதாரரும் மாட்டிக்கொள்ளக்கூடும். 2014-க்குப் பின் காப்பீட்டுப் பிரீமிய மானியமும் இதே நிபந்தனைக்குள் வந்துவிட்டது. 2,000 ஏக்கர் பயிரிடும் அவருக்கு உங்கள் 4 ஏக்கரால் வரக்கூடிய நட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஏடி-1026 படிவத்தில் உங்கள் திட்டத்தை எழுதிக் கொடுத்து, இயற்கைவளப் பாதுகாப்புச் சேவையின் எழுத்துபூர்வமான முடிவு வரும்வரை குழி தோண்டும் ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஈரநிலம் என்றே முடிவானால், அரசின் உதவி நீங்கள் நினைக்கும் திசைக்கு நேர்எதிரான திசையில் இருக்கிறது. வடிப்பதற்கு அன்று, வடிக்காமல் புல்லும் நீரும் நிற்க விடுவதற்கு. 1985-இல் தொடங்கிய சி.ஆர்.பி. என்னும் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இப்படிப்பட்ட மூலைகளை 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் பதிந்து ஆண்டு வாடகை பெறலாம். உரிமையாளராகிய உங்கள் கைக்கே நேராக வரக்கூடிய பணம் இது. வெளிநாட்டவர் பங்கு பற்றிய விதி இதற்கும் உண்டு. நிலம் உங்கள் பெயரில் 12 மாதங்களாவது இருந்திருக்கவும் வேண்டும் என்பதால், இந்த ஆண்டு மனுச் செய்ய முடியாது. அந்த 4 ஏக்கர் குத்தகைப் பரப்பில் இருக்கிறதா இல்லையா என்பதைக் குத்தகைதாரரிடம் இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாக அந்த மூலையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், பழைய டைல் எங்கே உடைந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அலுவலக ஏட்டைப் பார்ப்பதற்கு முன் அவரோடு ஒரு நாள் வயலைச் சுற்றி வாருங்கள். எஃப்எஸ்ஏ-153 படிவத்தை மட்டும் அதற்கும் முன்னால் கொடுத்துவிடுங்கள்.